கடைசி நாலு வரி

என் நாத்தனாருக்குப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியும். முடிக்கத்தான் தெரியாது. வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பப் போனால், செருப்பு மாட்டிக்கொண்டவர்களை வாசலில் நிற்கவைத்து இன்னொரு கதையை எடுப்பாள். ஃபோனில் "சரி, வச்சிடறேன்" என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் பேச்சே சூடு பிடிக்கும். வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். இந்த முறை அவள் பேச்சை எப்படி முடிக்கிறாள் என்பதில்தான் அவளுடைய பெண் குழந்தை யாரிடம் வளரும் என்பதே இருந்தது.

விஷயம் இதுதான். நானும் அவளும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நான் கிடங்கில் கட்டுத் தூக்குகிறேன். அவள் பசை ஒட்டும் பிரிவில், இரவு ஷிஃப்டில். அவளை விட்டுவிட்டுப் போன அந்த மகானுபாவனுக்குத் திடீரென்று குழந்தைப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரி வீட்டில் இல்லாத அம்மாவிடம் குழந்தை எப்படி வளரும் என்று கோர்ட்டில் கேட்கிறான். குழந்தையோடு நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோமே என்றால் அது எடுபடவில்லை. அடுத்த முறை வரும்போது பகல் வேலையோடு வாருங்கள், இல்லாவிட்டால் வேறு யோசிக்க வேண்டியிருக்கும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அடுத்த முறைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தீப் பாதுகாப்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பலகையில் ஒட்டினார்கள். முழுக்கப் பகல் வேலை. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். அவளுக்குக் குழந்தை காரணம். எனக்கு என் இடுப்பு காரணம். இன்னும் கொஞ்ச நாள் கட்டுத் தூக்கினால் என்னையே யாராவது தூக்க வேண்டியிருக்கும். இடங்கள் போதுமான அளவு இருந்தன, அதனால் எங்களுக்குள் போட்டி இல்லை. வகுப்பெல்லாம் முடிந்து, கோர்ட் நாளுக்கு முந்தின வாரம், கடைசியில் ஒரே ஒரு தேர்வு. வகுப்பறையில், உடன் படிக்கிறவர்களைத் தொழிலாளிகளாக நினைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

பாடம் எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகார சார். மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிட மணிக்கட்டைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம். "ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கிடைக்கிறது அவ்வளவு நேரம்தான். நீங்க முடிச்சாலும் முடிக்காட்டியும் மெஷின் ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் நீங்க கத்துறது யாருக்கும் கேட்காது. வெளிய போய் எங்க நிக்கணும்ங்கறதைக் கடைசியில சொன்னாத்தான் மனசுல நிக்கும். அந்தக் கடைசியைச் சொல்லாதவங்க பேசவே இல்லைன்னு அர்த்தம்" என்பார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. தப்பு இல்லாததனாலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டில் பயிற்சி தொடங்கினோம். நான் வாயாடி. எனக்குப் பேச்சு ஒரு பொருட்டே இல்லை. அவளும் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். முகம் பார்த்துப் பேசினாள், பயமுறுத்தாமல் பேசினாள். "அலாரம் கேட்டா முதல்ல மெஷினை அணைங்க. பையைத் தேடிப் போகாதீங்க. மூடின கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாருங்க" என்று சொல்லும்போது அவள் புறங்கையைக் காற்றில் வைத்துக் காட்டுவாள், சுடும் கதவு ஒன்று அங்கே இருப்பதாகவே தோன்றும். எல்லாம் சரி. கதவிலிருந்து புகைக்குப் போவாள், புகையிலிருந்து படிக்கட்டுக்குப் போவாள், படிக்கட்டில் ஒருமுறை யாரோ விழுந்த கதைக்குப் போவாள், அங்கிருந்து மறுபடி கதவுக்கே வந்து சேருவாள்.

"அடியே மகாராணி, தீ அணைஞ்சு சாம்பலே ஆறிப்போச்சு. இன்னும் நீ படிக்கட்டுலயே நிக்கிற" என்று கத்துவேன்.

"எங்க நிறுத்தறதுன்னே தெரியல அண்ணி. ஒண்ணைச் சொல்லும்போது இன்னொண்ணு விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு."

கடைசி நாலு வரியை அவளேதான் எழுதினாள். நான் எழுதிக் கொடுத்ததில் 'விழிப்புணர்வு' எல்லாம் இருந்தது. அவள் மரியாதையாக அதை ஓரமாக வைத்துவிட்டாள். அவளுடையது இப்படி இருந்தது: "வெளிய வந்ததும் வீட்டுக்கு ஓடிடாதீங்க. பச்சைப் பலகைக்குக் கீழ வந்து நில்லுங்க. உங்க பேரைக் கூப்பிடுவோம், குரல் கொடுங்க. குரல் வரலைன்னா உங்களைத் தேடி ஒருத்தர் உள்ள போவார்."

நல்ல வரிகள். ஆனால் பேசும்போது அவள் அங்கே வந்து சேருவதே இல்லை. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டேன். கரண்டி தட்டில் பட்டு 'டிங்' என்றால், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி, அப்படியே விட்டுவிட்டுக் கடைசி நாலு வரிக்குப் போய்விட வேண்டும். வகுப்பிலும் நேரம் முடியப்போகிறது என்று சொல்ல கடிகார சார் மேஜை மணியைத் தட்டுவார். அதே சத்தம்தான்.

அதிசயம் போல வேலை செய்தது. துணி மடிக்கும்போது தட்டினேன், சொன்னாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது தட்டினேன், சொன்னாள். பொடிசுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. பொடிசு என்றால் அவள் மகள். அம்மா வாய் திறந்தாலே கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். என் வீட்டுக்காரர்கூட, "ஏம்மா, என் தங்கச்சியை நீ என்ன, சாவி கொடுத்த பொம்மையாக்கிட்டியா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

பொடிசுக்குப் பேச்சு முழுக்க மனப்பாடம். ஒருநாள் சாயங்காலம் அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தது.

"மாமா?"

"இருக்கேன்" என்றார் அவர், கட்டிலில் படுத்தபடி.

"அத்தை?"

"இருக்கேன்டி."

"டி எல்லாம் போடக் கூடாது. இருக்கேன்னு மட்டும்தான் சொல்லணும். அம்மா?"

"அம்மா?" என்று இன்னொரு முறை கூப்பிட்டது. "அம்மா வேலைக்குப் போயிருக்காடா கண்ணு" என்றேன். "அப்ப யாராவது உள்ள போய்த் தேடணும்" என்றது பொடிசு. அன்றைக்கு முடிவு செய்தேன், என்ன ஆனாலும் இவள் தேறியாக வேண்டும்.

தேர்வு நாள் காலையில் நான் பேசினேன். முடியும் நேரத்தில் மணி அடித்தது, நான் முடித்தேன். கடிகார சார் மணிக்கட்டைப் பார்த்து, தாளில் ஏதோ குறித்து, "தேர்ச்சி" என்றார். பின்வரிசையில் பாதுகாப்புப் பிரிவின் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடும் அம்மாள், தலையை மட்டும் அசைத்தார். என் இடுப்பு அப்போதே கிடங்கிலிருந்து வெளியே வந்துவிட்டது போல இருந்தது. நாத்தனாரின் முறை சாப்பாட்டுக்குப் பிறகு.

அவள் ஒரு வாய்கூட உண்ணவில்லை. கழுத்துப் பட்டையில் அடையாள அட்டையோடு தொங்கிய லாக்கர் சாவியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் என் டப்பாவைக் காலி செய்துவிட்டு அவளைத் திட்டிக்கொண்டே வகுப்பறைக்குள் போனேன். டப்பாவைக் கழுவக்கூட நேரமில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

கடிகார சார் முன்னால் வந்து நின்றார். "பக்கத்து அறையில எழுத்துத் தேர்வு நடக்குது. மணிச் சத்தம் தொந்தரவா இருக்குன்னு சொல்றாங்க. அதனால இனிமே அட்டை. மஞ்சள் அட்டையைத் தூக்கினா முடிக்க ஆரம்பிங்க. சிவப்பு அட்டை தூக்கிட்டா நேரம் முடிஞ்சது. உட்கார்ந்திருக்கிறவங்க யாரும் பேசறவங்களுக்கு உதவக் கூடாது. உதவினா ரெண்டு பேருக்கும் ரத்து. அடுத்தது யாரு?"

அடுத்தது என் நாத்தனார்.

அட்டைக்கு ஏதய்யா சத்தம்? அவள் எழுந்தபோது நான் அவள் கையைப் பிடித்து, "அட்டையைப் பாரு, அட்டையைப் பாரு" என்று கிசுகிசுத்தேன். "பார்த்துக்கறேன் அண்ணி" என்றாள். என்ன பார்க்கப் போகிறாள்? அந்த உடம்பைக் கரண்டிக்குப் பழக்கியவள் நான் இல்லையா!

ஆரம்பித்தாள். அவள் ஆரம்பத்தைப் பற்றி எனக்கு எப்போதுமே கவலை இல்லை. எடுத்த எடுப்பில், "இப்ப இந்த நிமிஷம் அலாரம் அடிச்சா உங்க கை எதைத் தேடும்?" என்று கேட்டாள். முதல் வரிசையில் இருந்தவர் தன்னை அறியாமல் காலடியில் கிடந்த தன் பையைப் பார்த்தார். "அதை விடுங்க" என்றாள். சிரித்தார்கள். கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் நான் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புறங்கையைத் தூக்கிக் கதவைத் தொட்டுக் காட்டினாள். பின்வரிசையில் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

மஞ்சள் அட்டை மேலே போனது.

அவள் அதைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், அவள் கண் அதன்மேல் பட்டது, தலையைக்கூட லேசாக ஆட்டினாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "புகை மேலதான் நிக்கும், அதனால குனிஞ்சு போங்க" என்றாள். சரி, இப்போது போ என்று மனதுக்குள் கத்தினேன். "படிக்கட்டுல கைப்பிடியை விடாதீங்க" என்றாள். போடி! "லிஃப்ட் பக்கம் போகவே போகாதீங்க, ஏன்னா" என்றாள். அவள் முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு எதையோ எதிர்பார்க்கிற முகம் அது. அவள் விரல்கள் லாக்கர் சாவியைப் பிடித்து முறுக்கின. "கதவு... கதவை நான் சொன்னேன் இல்லையா, புறங்கையால..." என்று மறுபடி கதவுக்கே வந்துவிட்டாள்.

கடிகார சாரின் இடது கையில் மஞ்சள் அட்டை. வலது கை மேஜைமேல் கிடந்த சிவப்பு அட்டையை நோக்கி நகர்ந்தது.

என் மடியில் டப்பா. டப்பாவுக்குள் கரண்டி. அறையில் அத்தனை பேர் இருந்தும் அந்தக் கரண்டி ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. தட்டினால் எனக்கும் ரத்து, அவளுக்கும் ரத்து. தட்டாவிட்டால் அவளுக்கு மட்டும் தோல்வி. கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு, "அப்ப யாராவது உள்ள போய்த் தேடணும்" என்ற அந்தப் பொடிசுக் குரல்தான் காதில் விழுந்தது. கை தானாகப் போனது.

டிங்.

"புறங்கையால தொட்டுட்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் சட்டென்று நின்றது. தோள் இறங்கியது. குரல் தெளிந்தது. "வெளிய வந்ததும் வீட்டுக்கு ஓடிடாதீங்க" என்று ஆரம்பித்து நாலு வரியையும் சொல்லி முடித்தாள். கடிகார சாரின் கையில் சிவப்பு அட்டை பாதி தூரம் எழும்பி அப்படியே நின்றிருந்தது. யாரோ இரண்டு பேர் கை தட்டி, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"யாரு அது?" என்றார் கடிகார சார்.

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். டப்பா, கரண்டி, தவறுவது சகஜம். வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே நின்றவளின் முகம் என் பக்கம் திரும்பியது. பொய் சொன்னால் அவளையும் அதே பொய்யில் நிற்கவைக்க வேண்டியிருக்கும்.

"நான்தான் சார். வேணும்னேதான் தட்டினேன். வீட்டுல கரண்டிச் சத்தத்துக்குத்தான் அவளைப் பழக்கினேன். நீங்க மணியை எடுத்துட்டு அட்டையைத் தூக்கினா அவ என்ன செய்வா? அவ என்கிட்ட உதவி கேக்கல. அவளுக்கு இதுல சம்பந்தமே இல்லை. வெட்டறதா இருந்தா என்னை மட்டும் வெட்டுங்க."

"விதி ரெண்டு பேருக்கும்" என்றார் அவர், மணிக்கட்டைப் பார்த்தபடி. எனக்கு அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல இருந்தது.

பின்வரிசையிலிருந்து மேடம் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "நீ நல்லாப் பேசினேம்மா. ஆனா தினமும் நீ பேசற இடத்துக்கெல்லாம் உங்க அண்ணி டப்பாவைத் தூக்கிட்டு வருவாங்களா?"

"வர மாட்டாங்க மேடம்."

"அப்ப?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தரம் பேசறேன் மேடம். முதல்லேர்ந்து. இப்பவே" என்றாள்.

மேடம் கடிகார சாரிடம் திரும்பினார். "இந்தப் பொண்ணு கேட்டு வாங்கின உதவி இல்லை. அட்டைன்னு கடைசி நிமிஷத்துல மாத்தினதும் நாமதான். ஒரே ஒரு வாய்ப்பு, அட்டையை வச்சுத்தான்." அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "நீங்க வெளிய போங்கம்மா. உங்க தேர்ச்சி ரத்து. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வாங்க."

அடுத்த தடவை எப்போது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் பின்னால் கதவு மூடியது.

கதவில் ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. பேச்சுச் சத்தம் கேட்காது, பார்க்க முடியும். நடைவழியில் போகிறவர்கள், தண்டனைக்கு நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் வாய் அசைந்தது. அது எந்த வரி என்று உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. முதல் வரிசைக்காரர் இந்த முறை பையைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, சிரிப்பும் இல்லை. இரண்டாம் முறை கேட்கிறவர்களுக்குப் பேசுவது எவ்வளவு கொடுமை! அவள் புறங்கை காற்றில் எழுந்தது. என் புறங்கையும் எழுந்து கதவைத் தொட்டது.

மஞ்சள் அட்டை.

அவள் பேசிக்கொண்டே போனாள். குனிந்து போங்கள், கைப்பிடி, லிஃப்ட். கரண்டி என் கையிலேயே இருந்தது. இங்கிருந்து கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே கேட்கும். தட்டினால் அவளுக்கு எல்லாமே போய்விடும். கரண்டியைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "நீயே வா, நீயே வந்துடு தாயி" என்று முனகினேன்.

அவள் கை கழுத்துக்குப் போனது. வழக்கம்போல முறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முறுக்கவில்லை. லாக்கர் சாவியை நுனியில் பிடித்தாள், முன்னால் கொஞ்சம் குனிந்தாள், மேஜையின் இரும்பு விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். மூடிய கதவைத் தாண்டி எனக்கு அது மெல்லக் கேட்டது.

பிறகு நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் உதடுகள் நாலு வரிக்கு அசைந்தன. நின்றன. சிவப்பு அட்டை மேஜையிலேயே கிடந்தது. கை தட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, இந்த முறை யாரும் பாதியில் நிறுத்தவில்லை. கடிகார சார்கூட மணிக்கட்டைப் பார்க்க மறந்துபோய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் அண்ணி தட்டினீங்க? நான் தட்டச் சொன்னேனா? உங்க இடுப்பை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் அங்க கட்டுத் தூக்குவீங்க?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

"தேறினியா இல்லையா, அதைச் சொல்லுடி முதல்ல."

"தேறிட்டேன். இன்னைக்கிலேர்ந்து ராத்திரி ஷிஃப்ட் கிடையாதாம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுப் போய்ச் சோத்தைத் தின்னு. டப்பா அப்படியே கிடக்கு."

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வருத்தமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் இடுப்பு வேறு சமயம் பார்த்து வலித்தது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, திங்கள்கிழமை கிடங்குக்குப் போக வேண்டுமே என்றும் வந்தது.

சாயங்காலம் அவள் வழக்கமாகக் கிளம்பும் நேரம். பொடிசு வாசலில் போய் நின்றுகொண்டு அம்மாவுக்குக் கை காட்டக் காத்திருந்தது. அம்மா வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொடிசு ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்றது. அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"மாமா?"

"இருக்கேன்."

அதன் பிறகு, மெதுவாக, "அம்மா?"

"இருக்கேன்" என்றாள் அவள்.

"அம்மா?" என்று இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தது பொடிசு.

"இருக்கேன்."

"அத்தை?"

ஊரையே விலைக்கு வாங்கும் இந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். "அத்தை? அத்தை, குரல் கொடுங்க!" என்று மறுபடி கேட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தடதடவென்று ஓடி வரும் சத்தம். பொடிசு, புகைக்குள் வருவது போலக் குனிந்தபடி அடுப்படிக்குள் நுழைந்து, என் ஈரக் கையைப் பிடித்தது.

"அத்தை இங்கதான் இருக்காங்க! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனது.